இணையம் கூறும் எண்வகை விடை

வினாவுக்கு ஏற்ற விடை கூறுதல் மொழியின் தலையாய பயன்களுள் ஒன்றாகும். வினாவும் விடையும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வற்புறுத்தினார். கி.பி. 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துக் காட்டினார். தமிழாசிரியர்க்கு இப்பகுப்பு புதியதன்று. ஆயின், இன்று மக்கள் நாள்தோறும் கையாளும் இணையமும் இவ்வெட்டு வகையிலேயே விடை கூறுகிறது என்பது பலர் எண்ணிப் பாராத செய்தியாகும்.

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பது என்பது உண்மையில் ஒரு வினாவை விடுப்பதே. கைப்பேசியில் உள்ள உலாவி, தொலைவில் உள்ள சேவையகத்தை நோக்கி, ‘இப்பக்கம் உளதோ?’ என்று கேட்கிறது. இது கொளல் வினா. படிவத்தை நிரப்பி அனுப்பும்போது, ‘இவ்விவரங்களை ஏற்றுக்கொள்வாயோ?’ என்பது பொருள். இது கொடை வினா. சேவையகம் விடையளிக்க வேண்டும். கேட்ட பக்கம் இருப்பின் அதனைத் தருகிறது. இல்லையெனினும், தர இயலவில்லையெனினும், ஏதேனும் ஒரு விடை கூறியே ஆகவேண்டும். அவ்விடையைத் தாங்கி வருவதே பிழைப்பக்கம். பழுது பார்ப்பதற்காகத் தளத்தை மூடியிருக்குங்கால் வருவது பராமரிப்பு அறிவிப்பு. இவ்விரண்டையும் எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மலாக்கா மாநிலத்துத் தமிழர்க்கு இது சிறு பொருளன்று. முதலாம் ஆண்டில் சேரவேண்டிய பிள்ளையின் பெயரைப் பதிவு செய்வது, அரசு உதவிக்கு விண்ணப்பிப்பது ஆகியவை இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, புலாவ் செபாங் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை முடித்து மாலையில் வீடு திரும்பும் ஒரு தந்தை, கைப்பேசியை எடுத்துப் பதிவுப் பக்கத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். பக்கம் திறவாமல் மூன்று இலக்க எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் மட்டுமே தோன்றுமாயின், அவர் கருதுவது யாது? தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே கருதுவார். மீண்டும் முயலாமல் விட்டுவிடவும் கூடும். மாணவர் தொகை 150க்குக் குறைந்த பள்ளிகளைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணிக் காத்திருக்கும் அத்தகைய தோட்டப் பள்ளிக்கு, ஒரு பெற்றோர் மனந்தளர்ந்து திரும்புவதும் இழப்பேயாகும்.

மூன்று இலக்க எண்ணின் வரலாறு

டிம் பெர்னர்சு லீ, ஜெனிவா நகருக்கு அருகே உள்ள ஐரோப்பிய அணு ஆய்வுக் கூடத்தில் 1989 ஆம் ஆண்டு உலகளாவிய வலையைப் படைக்கக் கருத்துரை வழங்கினார். 1991 இல் வழக்கிலிருந்த முதல் வடிவில் விடைக்கு எண் எதுவும் இல்லை. பக்கம் வரும், அல்லது என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் வேறொரு பக்கம் வரும். இரண்டையும் மனிதர் படித்தே வேறுபடுத்த வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாத கணினிக்கு வேறுபாடு விளங்கவில்லை. ஆகவே ஒவ்வொரு விடைக்கும் மூன்று இலக்கக் குறியெண் ஒன்று சேர்க்கப்பட்டது. 1996 மே மாதம் வெளியிடப்பட்ட விதித்தொகுப்பிலும், 1999 இலும் 2022 இலும் வெளிவந்த திருத்தங்களிலும் இம்முறை நிலைபெற்றது.

குறியெண்ணின் முதல் இலக்கமே அதன் இனத்தைக் காட்டும். 2 எனத் தொடங்கினால் வேண்டுகோள் நிறைவேறியது. 3 எனத் தொடங்கினால் வேறிடம் செல்க என்பது பொருள். 4 எனத் தொடங்கினால் கேட்ட முறையிலோ கேட்ட பொருளிலோ குறை. 5 எனத் தொடங்கினால் விடை கூறுவோன்பால் குறை. 1 எனத் தொடங்குவது இடைக்கால அறிவிப்பு. அது பயனாளர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது 404. அந்த ஆய்வுக் கூடத்தில் 404 என்னும் எண்ணுள்ள அறையொன்று இருந்ததாகவும், கோப்புகளைத் தேடிச் சென்றோர் வெறுங்கையுடன் திரும்பியதால் இவ்வெண் பிறந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதையே என்று பெர்னர்சு லீயுடன் பணியாற்றிய இராபர்ட் கயோ மறுத்துள்ளார்.

எட்டு விடையும் இணையமும்

இனி, நன்னூலின் எண்வகை விடையோடு இக்குறியெண்களை ஒப்புநோக்கலாம்.

‘மலாக்காவுக்கு வழி யாது?’ என்பார்க்கு ‘இதுவே’ எனக் காட்டுவது சுட்டு விடை. பக்கம் புதிய முகவரிக்கு மாறிவிட்டது எனக் காட்டி அங்கே அழைத்துச் செல்லும் 301 இவ்வகையைச் சாரும். ‘தருவாயோ?’ என்பார்க்குத் ‘தரேன்’ என்பது மறை விடை. நுழைவு இல்லை எனத் தடுக்கும் 403, இங்கு இல்லை எனக் கூறும் 404, இருந்தது நீக்கப்பட்டது எனக் கூறும் 410 ஆகியவை மறை விடைகள். ‘தருவேன்’ என உடன்படுவது நேர் விடை. கேட்ட பக்கத்தைத் தரும் 200 அதுவேயாகும்.

இம்மூன்றும் வெளிப்படையானவை. எஞ்சிய ஐந்தும் விடைப்பொருளைக் குறிப்பால் உணர்த்துவன. ‘இதைச் செய்வாயோ?’ என்பார்க்கு ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. படிவத்தைச் சரியாக நிரப்பி அனுப்புக எனத் திருப்பிவிடும் 400 அதனோடு ஒக்கும். வினா எதிர் வினாதல், கேட்டவரையே திரும்பக் கேட்பது. ‘நீவிர் யார்?’ எனப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் 401 அத்தகையது. நன்னூல் கூறும் எதிர் வினா உடன்பாட்டைக் குறிக்கும். இணையத்தின் எதிர் வினாவோ தக்க விடை தந்தால் மட்டுமே உடன்படும். இவ்வேறுபாடு கருதத்தக்கது. தனக்கு நேர்ந்ததைக் கூறி இயலாமையை உணர்த்துவது உற்றது உரைத்தல். சேவையகத்தின் உள்ளே கோளாறு நேர்ந்தது எனத் தெரிவிக்கும் 500 அதற்குச் சான்று. இனி நேரவிருப்பதைக் கூறுவது உறுவது கூறல். தற்பொழுது மூடியுள்ளது, இன்ன வேளையில் திறக்கும் எனத் தெரிவிக்கும் 503 இதனுள் அடங்கும். ‘ஆடுவாயோ?’ என்பார்க்குப் ‘பாடுவேன்’ என்பது போலக் கேட்டதற்கு இனமான வேறொன்றைத் தருவது இனமொழி விடை. பக்கம் இல்லையெனக் கூறுவதோடு நில்லாமல், தொடர்புடைய பக்கங்களையும் காட்டும் நல்ல 404 பக்கம் மறையோடு இனமொழியும் கலந்ததாகும்.

இதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2003 இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் இல்லாத கட்டுரையொன்றின் பெயரை முகவரியாக இட்டுத் திறந்தால், கணினிக்கு 404 என்னும் எண் செல்லும். மனிதர் கண்ணுக்கோ அத்தலைப்பில் தேடிப் பார்க்கவும் புதிதாக எழுதவும் வழி காட்டும் பக்கம் தோன்றும். இல்லை என்னும் விடையே ஓர் அழைப்பாகவும் அமைகிறது.

எண்ணும் சொல்லும் ஒத்திருத்தல்

பிழைப்பக்கம் ஒரே வேளையில் இருவரிடம் பேசுகிறது. எண் கணினிக்கு உரியது. சொல் மனிதர்க்கு உரியது. இரண்டும் ஒன்றையே கூறல் வேண்டும். பலர் வழுவும் இடம் இதுவேயாகும்.

பள்ளித் தளமொன்று பராமரிப்பில் உள்ளது. ‘தளம் மூடப்பட்டுள்ளது’ என்னும் அழகிய பக்கம் தோன்றுகிறது. ஆனால் அதனுடன் செல்லும் எண் 200. படிப்பவர்க்குத் தளம் மூடியிருப்பது விளங்கும். தேடுபொறிக்கோ அது விளங்காது. பள்ளியின் முகப்புப் பக்கத்தில் இனி எழுதியிருப்பது இவ்வறிவிப்பே எனக் குறித்துக்கொள்ளக் கூடும். பின்னர்ப் பள்ளியின் பெயரைத் தேடுவோர்க்கு அவ்வறிவிப்பே கிடைக்கும். மாறாக 404 அனுப்பினாலோ, பக்கமே ஒழிந்தது எனக் கருதித் தேடுபொறி அதனைத் தன் பட்டியலிலிருந்து நீக்கத் தலைப்படும். 503 அனுப்பினால் மட்டுமே, ‘இது தற்காலிகம், பிறகு வருவோம்’ என அது புரிந்துகொள்ளும். எப்பொழுது திரும்பி வரலாம் என்பதை நொடிக் கணக்கிலோ நாள், மணி குறித்தோ தெரிவிப்பதற்கென விடையின் தலைப்பில் தனி வரியும் உண்டு. 503 நிலை பன்னாள் நீடித்தால் தேடுபொறியும் பொறுமை இழக்கும். ஆதலின் இது குறுகிய காலத்துக்கே ஏற்றது.

அப்பாச்சி என்னும் சேவையக மென்பொருளில் ‘எரர் டாக்குமென்ட்’ என்னும் கட்டளையால் எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என வகுக்கலாம். என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருளில் ‘எரர் பேஜ்’ என்பது அதற்குரிய கட்டளை. அப்பாச்சிக் கட்டளையில் தளத்தின் முழு முகவரியையும் எழுதிவிட்டால், சேவையகம் பயனாளரை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும்; 404 என்னும் எண் மறைந்து, திருப்புதலைக் குறிக்கும் எண்ணே செல்லும். அவர் தட்டச்சு செய்த முகவரியும் மாறிப்போவதால், எங்கே பிழைத்தோம் எனச் சரிபார்க்கவும் இயலாது. தளத்துக்கு உள்ளான பாதையை மட்டும் எழுதினால் இக்குறை நேராது.

மற்றொன்றும் உண்டு. பராமரிப்பு அறிவிப்பு, மூடப்பட்ட சேவையை எவ்வகையிலும் சார்ந்திருத்தல் ஆகாது. தரவுத்தளம் நின்றபோது தோன்ற வேண்டிய பக்கம், அதே தரவுத்தளத்திலிருந்து தலைப்பையும் பட்டியலையும் எடுக்குமாயின், அதுவும் தோன்றாது. எழுத்தும் வண்ணமும் ஒரே கோப்பில் அடங்கிய எளிய பக்கமாக, முன்னிற்கும் சேவையகத்திலேயே அதனை வைத்தல் வேண்டும். தோட்டத்து மக்களுக்கு இம்முறை தெரிந்ததே. மழை பெய்த காலையில் பால்வெட்டு இல்லை என்பதை வெட்டுக்காட்டுக்குள் சென்று எழுதி வைப்பார் இலர். பெரட்டுக் களத்திலேயே சொல்லப்பட்டது; அனைவரும் முதலில் வந்து நிற்கும் இடம் அதுவே.

சொல் தேர்வு

எண் சரியாக அமைந்தபின், மனிதர்க்குரிய சொல் எழுதப்படும். இங்கேதான் தமிழாசிரியர் துணை தேவைப்படுகிறது.

பிழை, தவறு, கோளாறு, பழுது ஆகிய சொற்கள் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் வழக்கில் வேறுபடுவன. பிழையும் தவறும் செய்தவர் ஒருவரை நினைவூட்டும். கோளாறும் பழுதும் பொருளின் மேல் நிற்கும். சேவையகம் நின்றுபோன இடத்தில் ‘பிழை 500’ என எழுதினால், பிழைத்தவர் யார் என்னும் ஐயம் படிப்பவர் மனத்தில் எழும். ‘கணினியில் கோளாறு’ என எழுதினால் அவ்வையம் எழாது.

செயப்பாட்டு வினையும் இங்கே கருதத்தக்கது. ‘கோரிக்கை மறுக்கப்பட்டது’ என்னும் தொடரில் மறுத்தவர் யார், ஏன் மறுத்தார் என்பன மறைந்து நிற்கின்றன. ‘இப்பக்கம் ஆசிரியர்க்கு மட்டும் உரியது, ஆசிரியராயின் உங்கள் பெயரைப் பதிந்து உள்ளே வரலாம்’ என்னும் தொடரில் இரண்டும் வெளிப்படுகின்றன.

ஆங்கிலத்தில் இல்லாத வசதியொன்று தமிழில் உண்டு. ‘நாம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது உளப்படுத்தாது. ‘நமது கணினியில் கோளாறு’ என்றால் படிப்பவரும் அதில் பங்காளி போலத் தோன்றும். ‘எங்கள் கணினியில் கோளாறு’ என்றால் பொறுப்பு முழுவதையும் தளத்தார் ஏற்றுக்கொண்டனர் என்பது ஒரு சொல்லாலேயே விளங்கும். 5 எனத் தொடங்கும் எண்ணின் கருத்தும் இதுவேயன்றோ?

பிரித்தானிய அரசின் இணையச் சேவைகளுக்கான வடிவமைப்புக் கையேடு, பிழைப்பக்கங்களில் 404 போன்ற கலைச்சொற்களையும், விளையாட்டான வியப்புச் சொற்களையும் பயனாளர் கண்முன் எழுதுதல் வேண்டா என அறிவுறுத்துகிறது. சேவை மீண்டும் தொடங்கும் நாளையும் மணியையும் குறிப்பிட வேண்டும் என்றும் கூறுகிறது. ‘பின்னர் முயல்க’ என்பதில் பயனில்லை. பின்னர் என்பது பத்து நிமிடமா, பத்து நாளா? 

இவற்றைக் கருத்திற்கொண்டு பள்ளித் தளமொன்றுக்கு மூன்று அறிவிப்புகளைப் பின்வருமாறு எழுதலாம்.

பக்கம் இல்லாதபோது: ‘நீங்கள் தேடிய பக்கம் இம்முகவரியில் இல்லை. முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். முதலாம் ஆண்டுப் பதிவு, பள்ளி நாள்காட்டி, தேர்வு அட்டவணை ஆகியவற்றுக்குரிய இணைப்புகள் கீழே உள்ளன.’

கோளாறு நேர்ந்தபோது: ‘எங்கள் கணினியில் கோளாறு ஏற்பட்டுள்ளது. தவறு உங்களுடையது அன்று. நீங்கள் இப்பொழுது நிரப்பிய படிவம் எங்களுக்கு வந்து சேர்ந்ததா என உறுதி கூற இயலவில்லை. மீண்டும் அனுப்புவதற்கு முன் பள்ளி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.’

பராமரிப்பின்போது: ‘சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை இத்தளம் பராமரிப்புக்காக மூடியிருக்கும். முன்னரே பதிந்த விவரங்கள் அழியா. பதிவுக்குரிய இறுதி நாளில் மாற்றமில்லை.’

மூன்றாவது அறிவிப்பில் நாளும் தேதியும் சேர்ந்திருப்பின் இன்னும் நன்று. இரண்டாவதில், விவரம் சேர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் பகுதியே உயிர்நாடி. பெற்றோர் முதலில் அறிய விரும்புவது அதனையே.

நெரிசல் மிகும்போது ஒரு சொல் எவ்வளவு வேண்டப்படுகிறது என்பதை மலேசியர் 2021 மே 26 ஆம் நாள் கண்டனர். அன்று நண்பகல் அஸ்ட்ராசெனகா தடுப்பூசிக்கான இணையப் பதிவு தொடங்கியது. ஏராளமானோர் ஒரே வேளையில் நுழைய முயன்றபோது பலர்க்குப் பக்கம் சரிவரத் திறக்கவில்லை. தம் பெயர் பதிவாயிற்றா, இடம் எஞ்சியுள்ளதா என அறியாமல் மக்கள் திகைத்தனர். நோய்ப் பரவல் கடுமையாயிருந்த அந்நாளில் அத்திகைப்பு சிறிதன்று. பழுது நேர்வதை எவராலும் முற்றிலும் தவிர்க்க இயலாது. நேர்ந்த வேளையில் மக்களுக்குச் சொல்ல வேண்டியதை முன்னரே எழுதி வைக்க இயலும்.

படிப்போர் மொழி

எம்மொழியில் எழுதுவது என்பது அடுத்த வினா. மலாக்கா இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்றைத் தருகிறது. 1512 முதல் 1515 வரையிலான காலத்தில் நூல் எழுதிய போர்த்துகீசியர் தோமே பிரெஸ், மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்துள்ளார். சுல்தான் ஆட்சியில் அத்துறைமுகத்துக்கு ஷாபண்டார் எனப்படும் துறைத் தலைவர் நால்வர் இருந்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர், தமிழகக் கரையினர், வங்காளத்தார், பெகுவினர், பாசேயினர் ஆகியோர்க்கு ஒருவர், சாவகர் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார் முதலியோர்க்கு ஒருவர். வரும் வணிகர் எந்நாட்டாராயினும் தமக்குரிய தலைவரிடம் சென்று தம் காரியத்தைச் சொல்ல முடிந்தது.

இணையத்திலும் இவ்வசதி உண்டு. உலாவி வினவும்போதே, பயனாளர் விரும்பும் மொழி எது என்பதையும் சேவையகத்துக்குத் தெரிவிக்கிறது. அதற்கேற்ப மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுள் உரிய பக்கத்தைச் சேவையகம் தரலாம். ஆயினும் தோட்டத்துத் தமிழர் பலருடைய கைப்பேசி ஆங்கிலத்திலோ மலாயிலோ அமைந்திருக்கும். ஆகவே தமிழ்ப் பள்ளித் தளங்களின் அறிவிப்பைத் தமிழிலும் மலாயிலும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதிவிடுவதே எளிய வழி. அறிவிப்பு குறுகியதாயின் இதற்கு இடம் போதும்.

தமிழ் எழுத்து சிதையாமல் தோன்றுவதற்கு, பக்கத்தின் எழுத்துக் குறிமுறை யூ.டி.எப்.-8 எனத் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். தளத்தின் பிற பக்கங்களில் இதனைச் செய்தோர் பலர், பிழைப்பக்கத்தில் மறந்துவிடுவர். இக்குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். இதனால் ஒருகாலத்தில் தமிழுக்கு நன்மையும் விளைந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவி, 512 பைட்டுக்குக் குறைந்த பிழைப்பக்கங்களைப் புறக்கணித்துத் தன் சொந்த அறிவிப்பையே காட்டும் இயல்புடையதாயிருந்தது. சிறு அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதியோர் இவ்வளவை எட்டத் திணறினர். தமிழில் 171 குறியீடுகளே இவ்வளவைக் கடக்கப் போதுமானவை. அவ்வுலாவியின் பொதுவழக்கு 2022 ஜூன் 15 ஆம் நாளோடு முடிவுற்றது.

சோதித்துப் பார்த்தல்

பக்கத்தை அமைத்தபின் சோதித்தல் இன்றியமையாதது. தளத்தின் முகவரிக்குப் பின் இல்லாத பெயரொன்றைச் சேர்த்துத் திறந்து பார்க்கலாம். பக்கம் தோன்றினால் மட்டும் போதாது. உடன் வரும் எண் 404 தானா என்பதை உலாவியின் ‘நெட்வொர்க்’ பகுதியில் காணவேண்டும். சிறு திரையுடைய பழைய கைப்பேசியிலும், இணைப்பு மெதுவான இடத்திலும் திறந்து பார்த்தல் நன்று. கோப்புகளின் உட்பாதை, மென்பொருளின் பெயர், பதிப்பெண், நிரலின் வரிகள் ஆகியவை பக்கத்தில் தோன்றினால் உடனே நீக்கிவிட வேண்டும். அவை பெற்றோர்க்குப் பயன்படா. தளத்தை உடைக்க எண்ணுவோர்க்கே பயன்படும்.

இப்பணியில் கணினி அறிந்த இளம் ஆசிரியர் எண்ணையும் கட்டளையையும் கவனிக்கலாம். தமிழாசிரியர் சொல்லைக் கவனிக்கலாம். எட்டு விடைகளையும் கற்பிக்கும் நாளில், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவிப்பு எழுதுமாறு மாணவரையே பணிக்கலாம். ஒரு வகுப்பு எழுதியவற்றுள் சிறந்தது பள்ளித் தளத்தில் இடம்பெறுமாயின், இலக்கணம் எங்கே பயன்படுகிறது என்னும் மாணவர் வினாவுக்கு அதுவே சுட்டு விடையாகும்.